ஹைகோர்ட்டுக்கு சென்னைதான் போகணுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தின் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் பகுதியில்) சிலர் வேலி போட்டு வாழை வைத்துவிட்டார்கள். தாசில்தார், கலெக்டர் எல்லாரிடமும் சொல்லி அலுத்துவிட்டது. ஹைகோர்ட்டில் வழக்குப் போட சென்னைக்குப் போக வேண்டுமா? கீழ்க் கோர்ட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போகலாமா?
- ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: சென்னை வேண்டாம், மதுரை போதும். 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து கன்னியாகுமரி தொடங்கி திருச்சி, தஞ்சாவூர், கரூர் வரைக்கும் வழக்குகள் அங்கேதான். மேலூர் சாலையில், யானைமலைப் பக்கம். அதற்கு முன்பெல்லாம் ஒரு வாய்தாவுக்காக ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போய் எழும்பூரில் இறங்கினார்கள் நம் ஜனங்கள். கிளை என்பதால் குறைந்த கோர்ட் என்று நினைக்காதீர்கள், 1862-ல் தொடங்கிய அதே உயர் நீதிமன்றம்தான், ஒரே தலைமை நீதிபதிதான், நீதிபதிகள் இங்கும் அங்கும் மாறி மாறி வருவார்கள்.

நேரே போகலாம். அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது, அதிகாரி தன் கடமையைச் செய்யாவிட்டால் ‘செய்’ என்று உத்தரவு கேட்டு ஹைகோர்ட்டில் நேரடியாக மனு போடலாம், அதைத்தான் ரிட் என்கிறார்கள். ஆனால் ‘சொல்லி அலுத்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கவலை. வாயால் சொன்னீர்களா, எழுதிக் கொடுத்தீர்களா? ‘மனு கொடுத்தீர்களா, நகல் எங்கே?’ என்பதுதான் கோர்ட்டில் வரும் முதல் கேள்வி. அதனால் சர்வே எண் போட்டு மனு எழுதி, குளம் புறம்போக்கு என்று காட்டும் அ-பதிவேட்டு (கிராமத்து நிலங்களின் பதிவேடு) நகலையும் புலப்படத்தையும் (அந்த சர்வே எண்ணின் வரைபடம்) இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் தொலைத்துவிடாதீர்கள்.

பொதுநல வழக்கு என்றால் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்சுக்குப் போகும். பல நேரம் ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள்’ என்று மட்டும் உத்தரவு வரும். இதற்கா இவ்வளவு அலைச்சல் என்று சோர்ந்து ஃபைலை மூடிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கெடு தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கோர்ட் உத்தரவை மதிக்கவில்லை என்று அவமதிப்பு மனு போடலாம், அதையும் ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

வக்கீல் செலவு? பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மதுரைக் கிளையிலேயே அதற்கான குழு இருக்கிறது.

அப்புறம், வேலியைத் தேதி தெரிகிற மாதிரி இப்போதே படம் எடுங்கள். மழை பெய்து குளம் பெருகியதும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம்.