பூமா நடமாடும் இடத்துக்குப் பக்கத்தில் மனிதர்கள் குடியிருந்தால் யாருக்கு என்ன பாதிப்பு?

நம்மால் அதற்கு வரும் கேடுதான் அதிகம். பூமாவால் நமக்கு வருவது ரொம்பக் கொஞ்சம்.

நான் இருப்பது கலிபோர்னியாவில், சான் ஹோசேக்கு மேற்கே, சாண்டா குரூஸ் மலையடிவாரத்தில். பூமாவை (பூனைக் குடும்பத்துப் பெரிய வேட்டை விலங்கு, இங்கே மலைச் சிங்கம் என்பார்கள்) நேரில் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டு வாசல் கேமராவில், பின்னிரவில் குப்பைத் தொட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனதைப் பார்த்ததோடு சரி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வீடு வாங்க வேற இடமே கிடைக்கலையா?" என்று கேட்டார்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் இது. வட அமெரிக்கா முழுவதும், நூறு வருடத்துக்கு மேற்பட்ட கணக்கில், பூமா தாக்கி இறந்தவர்கள் சுமார் 30 பேர். கலிபோர்னியாவில் 2004-க்குப் பிறகு 20 வருடம் ஒரு சாவும் இல்லை. 2024 மார்ச்சில் எல் டொராடோ மாவட்டத்தில், உதிர்ந்த மான்கொம்பு பொறுக்கப் போன அண்ணன் தம்பியைத் தாக்கியதில் அண்ணன் இறந்துபோனார். எங்கள் பக்கத்திலேயே, குப்பர்டினோவை ஒட்டிய ரான்சோ சான் அன்டோனியோ பூங்காவில் 2020-ல் ஒரு 6 வயதுச் சிறுமியைப் பிடித்தது. கூட வந்த பெரியவர் தள்ளிவிட்டதும் ஓடிவிட்டது. ஆகவே மலைப் பாதையில் குழந்தைகளை முன்னால் ஓட விடாதீர்கள். எதிரே வந்தால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். கையை உயர்த்திக் கத்துங்கள். மேலே பாய்ந்தே விட்டால் கையில் கிடைத்ததை எடுத்துத் திருப்பி அடிக்க வேண்டும்.

சரி, இனி மறுபக்கம்.

பூமா ஒரு மானை அடித்தால் புதருக்குள் இழுத்துப் போய், காய்ந்த இலை, சருகு எல்லாம் வாரி மேலே போட்டு மூடி வைக்கும். பிறகு சில இரவுகள் திரும்பத் திரும்ப வந்து தின்னும். சாண்டா குரூஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி மூடி வைத்த மான்களுக்குப் பக்கத்தில் கேமராவும் ஒலிபெருக்கியும் வைத்தார்கள். பூமா வந்து வாய் வைக்கும்போது சில தடவை தவளைச் சத்தம், சில தடவை மனிதப் பேச்சு. கொலை மிரட்டல் எல்லாம் இல்லை, வானொலியில் யாரோ அரசியல் பேசுவதுதான். தவளைக்கு ஒரே ஒரு முறைதான் ஓடியது. மனிதக் குரலுக்கு 83 சதவீதத் தடவை ஓட்டம் பிடித்தது. 2017-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. (அரசியல் பேச்சைக் கேட்டு எழுந்து ஓடுவது பூமா மட்டுமில்லை என்பது வேறு விஷயம்.)

பாதியில் விட்டுப் போன மான் வீண்தானே. பசிக்கு இன்னொன்றை அடிக்க வேண்டும். வீடுகள் நெருக்கமான பகுதியில் வாழும் பெண் பூமாக்கள், வீடு குறைந்த இடத்தில் இருப்பவற்றைவிட 36 சதவீதம் அதிக மான்களைக் கொல்கின்றன என்று இதே குழு 2015-ல் கண்டுபிடித்தது. கொல்வது கூடுகிறது, ஒவ்வொன்றிலும் தின்னக் கிடைக்கும் நேரம் குறைகிறது. குட்டி வளர்க்கும் தாய்க்கு இது எவ்வளவு அலைச்சல் என்று நினைத்துப் பாருங்கள். நாம் துப்பாக்கியைத் தொடக்கூட வேண்டாம், தோட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

அப்புறம் எலி மருந்து. அடுக்குமாடிச் சுவரோரம், குப்பைக் கொட்டகைப் பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்குமே, அதேதான். மருந்தைத் தின்ற எலியைக் கயோட்டி (நரி மாதிரி ஒரு காட்டு விலங்கு) தின்னும், அந்தக் கயோட்டியைப் பூமா தின்னும். ரத்தம் உறையாமல் செய்கிற விஷம் இப்படியே மேலே ஏறுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சோதித்த பூமாக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது இருந்தது. கலிபோர்னியாவில் வீரியமான வகைகளைப் பெரும்பாலான உபயோகங்களுக்கு 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள்.

பி-22 என்று ஆய்வாளர்கள் எண் வைத்த ஆண் பூமாவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பெரிய ஃப்ரீவேக்களை (அகலமான விரைவுச் சாலைகள்) தாண்டி, 2012-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு நடுவே கிரிஃபித் பூங்காவில் கேமராவில் சிக்கியது. ஓர் ஆண் பூமாவுக்குச் சில நூறு சதுர கிலோமீட்டர் வேண்டும். அந்தப் பூங்கா 20-ஐக்கூடத் தொடாது. அங்கேயே பத்து வருடம், துணை இல்லாமல். 2014-ல் எலி மருந்தும் சொறி நோயும் சேர்ந்து உருக்குலைத்தன. சிகிச்சை கொடுத்துத் தேற்றினார்கள். 2022 டிசம்பரில் பிடித்துப் பார்த்தபோது, வாகனம் மோதியது போன்ற பலத்த காயங்கள், கூடவே முற்றிய நோய்கள். கருணைக் கொலை செய்தார்கள். அதே வருடம்தான் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்து ஊரான அகோரா ஹில்ஸில் 101 ஃப்ரீவேயின் பத்துத் தடங்களுக்கு மேலே விலங்குகளுக்கான பாலத்துக்கு வேலை தொடங்கியது. சாலைகள் அடைத்துவிட்டதால் அங்குள்ள பூமாக்கள் நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போட்டு, வால் மடங்கிய குட்டிகள் பிறக்கிற நிலைக்கு வந்துவிட்டன.

பூமாவால் நமக்கு நன்மையே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் ஆளைக் கொல்லும் காட்டு விலங்குகளில் முதலிடம் மானுக்குத்தான், சாலையில் குறுக்கே பாய்ந்து. கிழக்கு மாநிலங்களுக்குப் பூமா திரும்பி வந்தால், மான் விபத்து குறைந்து 30 வருடத்தில் 155 உயிர்கள் பிழைக்கும் என்று 2016-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மதிப்பீடுதான். ஆனாலும் பூமா கொன்றவர்கள் கணக்கோடு இதையும் வைத்துப் பார்க்கலாம்.

உண்மையான தகராறு ஆட்டில்தான். கலிபோர்னியாவில் பொழுதுபோக்குக்குப் பூமாவைச் சுடுவது 1990 வாக்கெடுப்பிலேயே நின்றுவிட்டது. ஆனால் வளர்ப்பு விலங்கை அடித்தால், அந்தப் பூமாவைக் கொல்ல அனுமதி கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. எங்கள் மலையில் பூமாக்கள் சாவதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் ஆசைக்கு நாலைந்து ஆடு வளர்ப்பவர்கள்தான். அடைத்த பட்டிக்குள் புகுந்தால் ஒன்றோடு நிற்காது. 2016-ல் மாலிபுவில் ஒரே இரவில் 10 அல்பாக்காக்களை (ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கு) ஒரு பூமா அடித்தது. அங்கெல்லாம் 2017 முதல் எடுத்த எடுப்பில் கொல்ல அனுமதி கிடைப்பதில்லை. முதலில் பட்டியைச் சரிசெய்து, விரட்டியும் பார்க்க வேண்டும்.

நியாயமான நடைமுறை என்பேன். ஆளுயரச் சுற்று வேலியையும் தாண்டிவிடும், மேலே மூடாத பட்டி பட்டியே இல்லை. பொழுது சாய்வதற்குள் கூரையும் கதவும் உள்ள கொட்டிலில் ஆடுகளை அடைத்தால் விஷயம் முடிந்தது. ஆடு இல்லாதவர்கள், மானுக்குத் தீனி வைக்காமல் இருந்தாலே போதும். மான் வரும் வாசலுக்கு, அதன் பின்னாலேயே பூமாவும் வரும்.