வெடைக்கோழி இன்னும் முட்டை வைக்கலைங்களா?

தாராபுரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் தன் வெடைகளை, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: “சந்தையில் சிறுவிடை நாட்டுக்கோழியில் ஏழு பெட்டை வாங்கி ஒன்றரை மாசம் ஆச்சுங்க. அஞ்சு மாசக் கோழி, அடுத்த வாரமே முட்டை வைக்கும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. இதுவரை ஒரு முட்டை கூடக் கண்ணில் படலை. கம்பும் ரேஷன் அரிசியும் வயிறு நிறையப் போடுறேன், கால்சியம் டானிக்கும் கொடுத்துப் பார்த்துட்டேன். சேவல் இல்லாததால்தான் வைக்கலைன்னு மாமியார் சொல்றாங்க. ஒரே ஒரு கோழி மட்டும் காலையில் கேறிக் கத்திக்கிட்டே திரியுது. என்ன செய்யலாம்?”

முதலில் அந்தக் கேறுகிற கோழியைப் பிடிப்போம், ஏனென்றால் பாதிப் பதில் அதனிடம்தான் இருக்கிறது. சும்மா கேறிக்கொண்டு எந்தக் கோழியும் திரியாது, ஒன்று முட்டை வைக்க இடம் தேடுகிறது, இல்லையென்றால் ஏற்கெனவே இடம் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கோழிக்கா இடம் இல்லை! சோளத்தட்டுப் போருக்கு அடியில், விறகு அடுக்குக்குப் பின்னால், வேலியோரப் புதரில், மாட்டுத் தொட்டிக்கு அந்தப் பக்கம் என்று தேடிப் பாருங்கள். எங்கள் சாளையில் ஒரு கோழி பழைய சாக்குக் குவியலுக்குள் பதினோரு முட்டை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல வாசலில் மேய்ந்துகொண்டிருந்தது, சாக்கு எடுக்கப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு நாளைக்குக் கோழிகளைக் காலையிலேயே திறந்துவிடாமல், தண்ணீரும் தீனியும் வைத்துப் பதினொரு மணி வரை பட்டியிலேயே அடைத்து வையுங்கள். பெரும்பாலும் முற்பகலில்தான் முட்டை வைக்கும், வைக்கிற கோழி எது என்று அதிலேயே தெரிந்துவிடும். மூலையில் இருட்டாக ஒரு கூடை, அதில் கொஞ்சம் வைக்கோல், முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கூழாங்கல். அவ்வளவு போதும். அப்படித் தேடிக் கிடைக்கும் பழைய முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதப்பதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சரி, மற்ற ஆறு?

அவற்றின் வயது ஐந்து மாதம் என்று சொன்னது சந்தைக்காரர், கோழி சொல்லவில்லை. உண்மையிலேயே ஐந்து மாதமாக இருந்தாலும் அவசரப்பட ஒன்றுமில்லை. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும், அதைப் பார்த்துப் பார்த்து நமக்கு எல்லாக் கோழிக்கும் அதே கணக்குதான் என்று மனதில் பதிந்துபோயிற்று. நாட்டுக்கோழிக்கு ஆறு மாதம், ஆறரை மாதம் சாதாரணம், ஏழைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை, சண்டைச் சேவல் வம்சத்துப் பெருவிடை என்றால் அதற்கும் மேலே இழுக்கும். போதாக்குறைக்கு, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சந்தைக்கும் சந்தையிலிருந்து தோட்டத்துக்கும் கொண்டுவந்த கோழி புது இடத்துக்குப் பழகி, தங்களுக்குள் கொத்திக்கொண்டு யார் பெரியவள் என்று முடிவு செய்யவே இரண்டு மூன்று வாரம் போய்விடும்.

ஆகவே வயதை விடுங்கள், கோழியையே கேளுங்கள். எங்கள் அம்மாயி இதை விரல் வைத்துப் பார்ப்பார், கால்நடை மருத்துவரும் அதையேதான் செய்வார். இருட்டியபிறகு கூட்டிலிருந்து ஒன்றை மெல்ல எடுத்து, தலை உங்கள் அக்குள் பக்கம் இருக்குமாறு அணைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாய்க்கு இரு பக்கமும் கூராக இரண்டு எலும்பு தட்டுப்படும். வெளியிலிருந்தே விரலை வைத்துப் பார்த்தால் அவற்றுக்கு நடுவே ஒரு விரல்கூட முழுசாக அடங்கவில்லை, எலும்பும் விறைப்பாக இருக்கிறது என்றால் அந்தக் கோழிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக அடங்கினால் முட்டைக்கு வந்துவிட்டது அல்லது வரப்போகிறது. ஆசனவாய் சிறுத்து வறண்டு வட்டமாக இருந்தால் வெடை, அகலமாக ஈரப்பசையோடு இருந்தால் வைக்கிற கோழி. பகலில் கொண்டையைப் பாருங்கள். வெளிறிய இளஞ்சிவப்பு மாறி ரத்தச் சிவப்பாகி, முதுகில் கை வைத்தால் ஓடாமல் றெக்கையைக் கொஞ்சம் விரித்துப் பதுங்கி உட்கார்ந்தால், இரண்டு வாரம் பொறுத்தால் போதும்.

இப்போது தீனி. உங்கள் கடிதத்தில் நான் குறை சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன். கம்பில் புரதம் 11 சதவீதம் அளவில் இருக்கும், அரிசியில் 7 சதவீதம்தான், முட்டை வைக்கிற கோழிக்கோ 16 சதவீதமாவது வேண்டும். வயிறு நிறையப் போடுகிறீர்கள், கோழி கொழுக்கிறது, கொழுத்த கோழி முட்டைக்கு வரத் தாமதிக்கும். வெளியே மேய்ந்து புழு பூச்சி, கரையான் பொறுக்குகிற கோழி இந்தக் குறையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், ஆனால் வாசலிலேயே அரிசி கிடைத்தால் அது எதற்கு வேலியோரம் போய்க் கிளறப்போகிறது? பத்துக் கிலோவுக்குக் கணக்குச் சொல்கிறேன்: உடைத்த மக்காச்சோளமும் கம்பும் சேர்த்து 6 கிலோ, தவிடு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, உப்புப் போடாத கருவாட்டுத் தூள் அரைக் கிலோ. புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்த வாடை லேசாக வந்தாலும் போடவே போடாதீர்கள், அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும். மேய்கிற சிறுவிடைக்கு இதில் ஒரு நாளைக்கு 40, 50 கிராம் சாயங்காலம் அடைக்கும்போது போட்டால் போதும். முருங்கை, அகத்திக் கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் அது பாட்டுக்குக் கொத்தித் தின்னும்.

கால்சியம் டானிக்கை நிறுத்திவிடுங்கள். 40 கிராம் முட்டையில் ஓடு மட்டும் நாலு கிராம் இருக்கும், அதனால் முட்டை வைக்கிற கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து தேவைதான். ஆனால் அது ஓட்டைக் கெட்டியாக்கும், முட்டையை வரவழைக்காது, வைக்காத வெடைக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் சிறுநீரகத்துக்குத்தான் சுமை. கிளிஞ்சல் தூளைத் தனியாக ஒரு மண் ஓட்டில் வையுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும்.

சேவல் விஷயத்தில் மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் அவர் சொல்வது சரியில்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும், முட்டைக்கு வேண்டாம். அடுத்து வெளிச்சம். பகல் குறைந்தால் முட்டை குறையும் என்று குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுவது அவர்கள் ஊருக்குச் சரி, தாராபுரத்தில் ஆனியின் நீளமான பகலுக்கும் மார்கழியின் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். பண்ணைக்காரர்கள் பல்பு போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுவது ஆண்டுக்கு முந்நூறு முட்டை எடுக்க. ஏழு நாட்டுக்கோழிக்கு அந்தக் கரண்டுச் செலவு வேண்டாத வேலை. நம் பக்கம் அதைவிடப் பெரிய எதிரி பங்குனி, சித்திரை வெயில்தான். வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிற கோழி தீனியைக் குறைத்துவிடும், முட்டையும் தள்ளிப்போகும். நிழலில் மண்சட்டித் தண்ணீர், மத்தியானம் ஒரு தடவை மாற்றுங்கள்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். றெக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள், செல் என்கிற சின்னப் பூச்சி ஓடினால் அது ரத்தத்தைக் குடித்தே கோழியை வெளிற வைத்துவிடும். சந்தைக் கோழி என்பதால் குடற்புழு மருந்தும் ஒருமுறை கொடுத்துவிடுவது நல்லது, பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எடையைச் சொல்லி அளவு கேட்டு வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்ட கோழியா என்பது சந்தையில் யாருக்கும் தெரியாது, அதையும் அங்கேயே கேளுங்கள். வயிறு உப்பி, உடம்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கச் சிரமப்படுகிற கோழி இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராகக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தீனியை மாற்றியதிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் பொறுங்கள். முதல் முட்டை கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ, ஓடில்லாத தோல்முட்டையாகவோ, மேலே ரத்தக் கீற்றோடோ வந்தால் பயப்படாதீர்கள், நாலைந்து முட்டையில் சரியாகிவிடும். ஒரு ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து முட்டை வைக்கிற ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டு, பதினைந்து வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்தால் அதையும் “நின்றுபோச்சு” என்று எழுதிக் கேட்காதீர்கள், அது நாட்டுக்கோழியின் குணம். அதற்குள் மாமியார் சொன்ன சேவலை வாங்கிவிட்டீர்கள் என்றால் குஞ்சாவது கிடைக்கும்.