‘எந்த ஊர்?’ என்று கேளுங்கள்: ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் மூதாதையரைத் தேடும் வழி

கேள்வி: என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய தாத்தா 1908-இல் சஃபோக் கவுண்டியில் பிறந்தவர், குடும்பப் பெயர் ஹேவர்ட். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் வம்ச வரைபடம், 1066-இல் வில்லியம் மன்னனோடு வந்த நார்மன் பிரபு வரை போகிறது. நம்பலாமா? நாங்களே தேடினால் எத்தனை தலைமுறை போகலாம், எவ்வளவு செலவாகும்? (இப்ஸ்விச்சில் வசிக்கும் வாசகி)

பதில்: நம்ப வேண்டாம். ஹேஸ்டிங்ஸ் போரில் வில்லியமுடன் நின்றவர்கள் என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடிய பெயர்களே இருபது முப்பதுக்கு மேல் தேறாது. சாதாரணக் குடிமக்களின் பெயர்கள் ஒழுங்காக ஏட்டில் ஏறத் தொடங்கியது 1538-இல்தான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி) தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று அந்த ஆண்டு உத்தரவிட்டார். தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால் இன்றிலிருந்து அதுவரை ஏறக்குறைய 16 தலைமுறை. நடைமுறையில், நிலமில்லாத பண்ணைக் கூலிக் குடும்பங்கள் பெரும்பாலும் 1700-க்கும் 1760-க்கும் இடையில் எங்கேயோ முட்டி நின்றுவிடும். அங்கே போய்ச் சேர்ந்தாலே நல்ல வேலை.

நம் இன்ஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது, அவர்களுக்கோ குடும்பப் பெயர் அப்படியே வருகிறது, ஆகவே தேடுவது சுலபம் என்று தோன்றும். சிக்கலே அதில்தான். வில்லியம், ஜான், தாமஸ் என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய பெயர்களைத்தான் திரும்பத் திரும்ப வைத்தார்கள். ஒரே கிராமத்தில் ஒரே காலத்தில் மூன்று ஜான் ஹேவர்டுகள் இருப்பார்கள்: அண்ணன் தம்பி பிள்ளைகள், மூவருக்கும் தாத்தா பெயர். போதாக்குறைக்கு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முதல் ‘ஹ’ விழுந்து ‘ஏவர்ட்’ ஆகியிருக்கலாம். இன்று கணினியில் ஏற்றியவர்கள் பழைய கையெழுத்தை ‘ஹோவர்ட்’ என்றோ ‘ஹேவுட்’ என்றோ படித்திருக்கலாம். எனவே பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். நம்மூர்ப் பாட்டிமார்கள் முதலில் கேட்கிற ‘எந்த ஊர்?’ என்ற கேள்விதான் இங்கேயும் சாவி. எந்த பாரிஷ் என்பது உறுதியாகாமல் ஒரு படி கூட மேலே ஏறக் கூடாது.

தெரிந்த ஆளிடமிருந்து பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அலுவலகமான ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸின் இணையதளத்தில் பிறப்பு, இறப்பு அட்டவணைகளை இலவசமாகத் தேடலாம். அதில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருப்பது பெரிய வசதி, ஏனென்றால் பழைய அச்சு அட்டவணையில் 1911 செப்டம்பர் காலாண்டுக்கு முன் அது கிடையாது. திருமண அட்டவணை அந்தத் தளத்தில் இல்லை. அதற்கு இலவசத் தளமான ஃப்ரீபிஎம்டிக்குப் போக வேண்டும். அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும், அதுவும் பதிவு செய்த காலாண்டு. பிறந்த 42 நாளுக்குள் பதிவு செய்தால் போதும் என்பதால், 1908 டிசம்பரில் பிறந்த குழந்தை 1909 மார்ச் காலாண்டில் கிடக்கலாம். அந்தக் காலத்து சஃபோக் பதிவுகளுக்கு முன்னால் ‘4ஏ’ என்ற தொகுதி எண் நிற்கும். அதே எண் எஸ்ஸெக்ஸ் கவுண்டிக்கும் உண்டு, ஆகவே மாவட்டப் பெயரையும் பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தாய் தந்தை பெயரும் முகவரியும் கிடைத்துவிடும். (பிறந்த நேரம் குறித்திருந்தால் பெரும்பாலும் இரட்டைக் குழந்தை. கூடப் பிறந்த இன்னொரு பதிவைத் தேடுங்கள்.) அடுத்து 1911 கணக்கெடுப்பு. உங்கள் கணவரின் தாத்தா அதில் இரண்டு மூன்று வயதுக் குழந்தையாக இருப்பார். படிவத்தைக் குடும்பத் தலைவரே நிரப்பினார் என்பதால், தாத்தாவின் அப்பாவுடைய கையெழுத்தையே பார்த்துவிடலாம். திருமணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த குழந்தைகள் எத்தனை, அதில் உயிரோடு இருப்பவர் எத்தனை என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறார்கள். ‘8 ஆண்டு’ என்றிருந்தால் திருமணத்தை 1902, 1903 பக்கம் தேடுங்கள். ஆண்டைச் சற்று முன்னே தள்ளிச் சொல்லியிருக்கவும் கூடும், மூத்த பிள்ளை சீக்கிரம் பிறந்துவிட்ட வீடுகளில் இது சகஜம்.

திருமணச் சான்றிதழில் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். தாயார் பெயர் 2021 மே மாதம் வரை அந்தப் படிவத்திலேயே இடம்பெறவில்லை. வயது என்ற இடத்தில் வெறுமனே ‘முழு வயது’ என்றிருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று மட்டுமே பொருள். தகப்பன் பெயர் தெரியாமல் வளர்ந்தவர்கள் வெட்கத்துக்கு ஒரு பெயரைக் கற்பனையாகச் சொல்லி எழுதவைத்ததும் உண்டு, எனவே அந்தத் தந்தையை வேறொரு ஆவணத்திலும் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. பெயரோடு தேடக் கிடைப்பவை 1841 முதல் 1921 வரை. 1931-க்குரியது 1942-இல் தீயில் போய்விட்டது. 1941-இல் போரால் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியதும் 1939 செப்டம்பரில் எடுத்த மக்கள் பதிவேடு உதவும். உங்களுக்கு எல்லாவற்றிலும் விலைமதிப்பற்றது 1851. அதில்தான் முதன்முறையாகப் பிறந்த பாரிஷ், குடும்பத் தலைவருக்கு உறவு இரண்டும் எழுதப்பட்டன. 1851-இல் 70 வயதுக் கிழவர் ஒருவர் உயிரோடு இருந்தால், 1781 ஞானஸ்நானம் எந்த தேவாலயத்தில் என்று அவரே சொல்லிவிடுகிறார். 1841-இல் அது இல்லை: அதே கவுண்டியில் பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை மட்டும். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த ஊரிலும் ஒரு நுணுக்கம். பக்கத்து ஊரில் குடியிருக்கும்போது சரியான கிராமத்தைச் சொன்னவர், லண்டனுக்குப் போனதும் ‘இப்ஸ்விச்’ என்று சொல்லிவிடுவார். ஒரே ஆளை மூன்று நான்கு கணக்கெடுப்புகளில் பிடித்தால்தான் உண்மையான ஊர் தெரியும்.

1837-க்கு முன்னால் பாரிஷ் ஏடுகள்தான். நீங்கள் இருக்கும் ஊரிலேயே சஃபோக் ஆவணக் காப்பகத்தின் ‘தி ஹோல்ட்’ கட்டடம் இருப்பது அதிர்ஷ்டம். கணினி அட்டவணையில் பார்த்ததோடு நிற்காமல் ஏட்டின் படத்தையே பாருங்கள், ஓரத்தில் எழுதிய ஒரு சொல்லில் விஷயம் இருக்கும். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்துவிட்டதால் ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும், அடக்கத்தில் வயதும் உண்டு. அதற்கு முன் ‘ஜான், ஜான் மேரி தம்பதியின் மகன்’ என்ற அளவோடு சரி. 1754 முதல் திருமணத்துக்குத் தனி ஏடு, மணமக்கள் கையொப்பமோ கீறலோ போட்டிருப்பார்கள், சாட்சிகள் பெயரும் உண்டு. திருமணம் வழக்கமாகப் பெண்ணின் ஊரில் நடக்கும். மாப்பிள்ளை ஊரில் காணவில்லை என்றால் சுற்றியுள்ள பாரிஷ்களை 15 கிலோமீட்டர் வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் குடும்பம் இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே இருந்திருக்கலாம். சஃபோக்கில் அப்படிப்பட்ட சபைகள் வலுவாக இருந்தன. அவற்றின் பழைய பதிவேடுகள் 1837-க்குப் பின் திரட்டப்பட்டு, லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஆர்ஜி 4’ வரிசையில் இருக்கின்றன.

தேதியில் விழாதவர்கள் குறைவு. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஏட்டில் அக்காள் ஞானஸ்நானம் 1720 ஏப்ரல், தம்பி 1720 பிப்ரவரி என்றிருந்தால் தம்பி மூத்தவன் அல்ல. அந்த பிப்ரவரி நம் கணக்குக்கு 1721, பத்து மாத இடைவெளி. இதை 1720/21 என்று இரட்டையாக எழுதிக்கொள்ளுங்கள். 1640-களிலும் 1650-களிலும் உள்நாட்டுப் போராலும் அதன் பின்னான ஆட்சியாலும் பல ஏடுகளில் ஓட்டை விழுந்திருக்கும். அங்கே பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களும் உதவாது, அவையும் அப்போது நின்றிருந்தன. மற்ற காலங்களில் மூல ஏடு செல்லரித்திருந்தால் அந்த நகலே கதி.

இனி முக்கியமான இடம். நீங்கள் தேடும் ஜான் 1781-இல் பிறந்தவர், ஏட்டில் 1780-இல் ஒரு ஜான், 1782-இல் ஒரு ஜான். எவர் நம்மவர்? எவர் நம்மவர் அல்ல என்று பார்த்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் அடக்க ஏடு: இருவரில் ஒருவர் குழந்தையிலேயே இறந்திருக்கலாம். பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயர் வைப்பது அங்கே வழக்கம், எனவே ஒரே வீட்டில் இரண்டு ஜான்கூட வரும். உயிரோடு மிஞ்சியவர்களில் ஒருவர் வேறு பெண்ணைக் கட்டி வேறு ஊரில் பிள்ளை பெற்றிருந்தால் அவரையும் தள்ளுங்கள். இணைய வரைபடங்களில் பெரும்பாலானவை கவிழ்வது இங்கேதான். இரண்டு வயதில் புதைத்த குழந்தையிலிருந்து பத்துத் தலைமுறையை வளர்த்திருப்பார்கள்.

கழித்தும் இருவர் மிஞ்சினால் உயிலும் ஏழைகள் சட்டக் காகிதங்களும்தான் தீர்ப்புச் சொல்லும். 1858-க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் இருந்தன. கிழக்கு சஃபோக்கிற்கு சஃபோக் ஆர்ச்டீக்கனின் (பிஷப்புக்குக் கீழுள்ள திருச்சபை அதிகாரி) நீதிமன்றம், மேற்கிற்கு சட்பரி ஆர்ச்டீக்கனுடையது, அவற்றுக்கு மேலே நாரிச் மறைமாவட்ட நீதிமன்றம், வசதி படைத்தவர்களுக்கு கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றம். கூலிக்காரர் உயில் எழுதியிருக்க மாட்டார், ஆனால் பிள்ளையில்லாத பெரியப்பா எழுதியிருப்பார், அண்ணன் தம்பி பிள்ளைகளை வரிசையாகப் பெயர் சொல்லியிருப்பார். ஏழைகளைப் பற்றியோ இன்னும் நல்ல காகிதம் உண்டு. 1662 சட்டப்படி, ஒருவர் வறுமையில் விழுந்தால் அவருக்கு உரிமையுள்ள பாரிஷ்தான் சோறு போட வேண்டும். செலவைத் தட்டிக்கழிக்க, வந்தவரை நீதிபதி முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், யாரிடம் ஒரு முழு ஆண்டு வேலை செய்தாய், எத்தனை பிள்ளை என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். பிரபுக்களின் வம்சாவளிப் புத்தகங்களில் பொய் கலந்திருக்கும், இந்த ஏழைகளின் வாக்குமூலங்களில் அது குறைவு.

தகப்பன் பெயர் இல்லாத பிறப்பாக இருந்தால், 1834-க்கு முன் பிள்ளைச் செலவுக்காக பாரிஷ் அதிகாரிகள் தகப்பனிடம் எழுதி வாங்கிய பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளை திடீரென்று காணாமல் போனால் படையில் சேர்ந்து கடல் தாண்டியிருக்கலாம். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போயின. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன.

டிஎன்ஏ பரிசோதனை ஐந்தாறு தலைமுறைக்கு நன்றாக உதவும், அதற்கு மேல் தனியாக நம்பக் கூடாது. லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தின் கீழ் 2012-இல் கிடைத்த எலும்புகள் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனுடையவை என்று தாய்வழி டிஎன்ஏ உறுதி செய்தது. ஆனால் ஆவணப்படி தந்தைவழியில் அவருக்கு உறவான இன்றைய ஆண்களோடு, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. இடையில் எங்கேயோ காகிதத்தில் இருந்த தகப்பன் உண்மையான தகப்பன் அல்ல.

செலவு: 2024 ஏப்ரல் விலைப்படி அச்சுச் சான்றிதழ் 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8, பழைய பிறப்புப் பதிவுகளின் டிஜிட்டல் படம் 3. தாத்தாவின் 1908 பிறப்புக்கும் அவருடைய பெற்றோரின் பிறப்புகளுக்கும் 3 பவுண்டுப் படமே போதும், திருமணத்துக்கு மட்டும் முழுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். தேவாலயத்தில் நடந்த திருமணம் என்றால் அதையும் காப்பகத்து ஏட்டிலேயே பார்த்துவிடலாம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற வம்சாவளித் தளங்களின் சந்தாவுக்கு அவசரப்பட வேண்டாம். பல பொது நூலகங்களில் இவற்றில் ஏதாவது ஒன்று இலவசம், ஃபேமிலிசர்ச் தளம் எங்கிருந்தும் இலவசம். 1921 கணக்கெடுப்பை கியூவுக்கு நேரில் போனால் காசில்லாமல் பார்க்கலாம். ஒரே பயணத்தில் முடிக்க, முதலில் சான்றிதழ்களை வாங்கிப் பெயர், பாரிஷ், ஆண்டு மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.