அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் நாளைச் சேவை நாளாகக் கொண்டாடுவதுபோல, நம் தலைவர்களின் பிறந்தநாளையும் மாலை, மேடை இல்லாமல் ஊருக்கு உழைத்துக் கொண்டாட முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

கேள்வியில் மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஜனவரி மாதம் மூன்றாவது திங்கட்கிழமை அவர் பெயரில் விடுமுறை. 1986 முதல் விடுகிறார்கள். 1994-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து அதைச் சேவை நாளாகவும் ஆக்கினார்கள். இங்கே அது பொங்கல் அலுப்பு தீராத நேரம், அதனால் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் யோசனை நல்ல யோசனைதான். நாங்களும் அதைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். முதல் தடவை செய்தது சுத்த அபத்தம்.

எனக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். மந்திரியாக இருந்த தலித் தலைவர் கக்கன் பிறந்த தும்பைப்பட்டியும் மேலூர் பக்கம்தான். அவர் பிறந்தநாள் ஜூன் 18. 2017-ல் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். எல்லாரும் 'ஊர்' பக்கத்துப் பையன்கள். கக்கன் படம் போட்ட டீ-சர்ட், ஆளுக்கொரு விளக்குமாறு, ஒரு பேனர். காலை ஆறரைக்குக் காலனித் தெருவில் இறங்கிக் கூட்ட ஆரம்பித்தோம். ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா கேட்டது: "ஏய்யா, எங்க வீட்டுல மூணு பேரு இந்த வேலைக்குத்தான்யா போறோம். விடிஞ்சா கூட்டுறதுதான். நீங்க எதுக்குய்யா இங்க வந்து கூட்டுறீக? உங்க தெருவுல குப்பை இல்லையா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டது. எங்களில் ஒருவனுக்கும் பதில் வரவில்லை.

அப்புறம் அதுவே வீட்டுக்குள் போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தது. "படிச்ச புள்ளைகதானே. இதுல என்னமோ தப்பாம். ஆறு தடவ அலஞ்சுட்டேன். என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

பேத்தி பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிக்க ஆசை. பையில் டி.சி., ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. டி.சி.யில் அப்பா பெயர் கருப்பையா, ஆதாரில் கருப்பன். அவ்வளவுதான் தப்பு. ஆறு தடவை போனபோதும் ஆபீஸில் ஒருவர்கூட அதை உட்கார்ந்து சொல்லவில்லை. "சரியா இல்ல, மாத்திட்டு வா" என்று மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எதை மாற்றுவது? விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, அந்த வாசலிலேயே உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். மறுநாள் நானும் ஒரு நண்பனும் லீவு போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணோடு போனோம். மூன்று வாரத்தில் முடிந்தது.

எங்கள் கக்கன் விழா அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

கக்கனைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் எளிமையில்தான் வந்து நிற்பார்கள். பத்து வருஷம் மந்திரியாக இருந்தவர் பஸ்ஸில் போனார், மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டில் கிடந்தார், எம்.ஜி.ஆர். வந்து பார்த்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் எளிமையைப் புகழ்வது நமக்கு வசதி என்று எனக்குத் தோன்றும். அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. 1939 ஜூலை 8 அப்படியில்லை. அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த சிலரை அன்று காலை மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரும் எல்.என். கோபாலசாமியும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். அப்படி உள்ளே போனவர்களில் கக்கனும் ஒருவர். ஆலயப் பிரவேசம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். அந்த ஒரு வரிக்கு முன்னால் மாதக்கணக்கில் மதுரையைச் சுற்றி ஊர் ஊராகக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். பின்னால் நடந்தது அதைவிடப் பெரிது. பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். உள்ளே போனவர்கள் மேலும் அழைத்துப் போனவர்கள் மேலும் வழக்கு வராமல் காக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஐயரை அவர் சொந்தச் சாதியே தள்ளி வைத்தது. 1955-ல் அவர் இறந்தபோது பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கக்கனும் மொட்டை போட்டுக்கொண்டு காரியம் செய்தார் என்பது மதுரையில் பெரியவர்கள் இன்றும் சொல்கிற சேதி.

கோயில் கதவு திறந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முட்டி மோதி நிற்கிற கதவு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. நண்பர்கள் இதை 'ஆபீஸ் பிரவேசம்' என்று கிண்டலாகச் சொல்வோம்.

செய்வது இதுதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஜூலை 8 வரை ஒவ்வொரு ஞாயிறும் காலனி சமுதாயக்கூடத்தில் இரண்டு லேப்டாப், ஒரு பழைய பிரிண்டர். முதலில் எல்லாக் காகிதத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்று சான்றிதழ்கள். முதல் பட்டதாரிக்கு வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்கவில்லை என்று குடும்பத்தார் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அப்பா கேரளாவில் வேலைக்குப் போயிருந்தால் கையெழுத்துக்கு அவர் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுவோம்.

அதையெல்லாம் தாண்டினால் ஓடிபி. ஒரு பையனின் ஆதாரில் இருந்தது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற தாய்மாமன் நம்பர். போன் போட்டால் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் கத்துகிறார்: "ஓடிபியெல்லாம் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு டிவியில சொல்லியிருக்கான், வையிடா போனை!" மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை. கடைசியில் அக்காக்காரி போனை வாங்கி நாலு திட்டு திட்டின பிறகுதான் ஆறு எண்ணும் வந்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து.

உதவித்தொகையில் இன்னொரு சிக்கல் உண்டு. பணம் ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் போகும். பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்துப் பிறகு தொடாமலே கிடக்கும் கணக்கோடு பல பிள்ளைகளுக்கு அது இணைந்திருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் தனக்கு வரவே இல்லை என்று ஒரு பெண் அழுதாள். போய்ப் பார்த்தால் எட்டு மாதப் பணம் அந்தப் பழைய கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

எங்களால் கெட்டதும் நடந்திருக்கிறது. இரண்டாவது வருஷம் ஒரு பையனுடைய விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கம் வரை நிரப்பிவிட்டு, சமர்ப்பிக்கிற பொத்தானை அழுத்தாமல் விட்டுவிட்டோம். அவன் நம்பி இருந்தான். தேதி போனபிறகுதான் தெரிந்தது. அரசுக் கல்லூரியில் கிடைத்திருக்க வேண்டிய பையன் ஒரு வருஷம் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை, "பரவாயில்லண்ணே" என்றான். அதிலிருந்து ஒரே கண்டிப்பு: தட்டச்சு செய்வது படிக்கப்போகிற பிள்ளைதான். நாங்கள் பக்கத்தில் உட்காரலாம், கீபோர்டைத் தொடக்கூடாது. ஒப்புகைச் சீட்டை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுக்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

இப்போது பன்னிரண்டு பேரில் மிச்சம் நாலு பேர். போட்டோ இல்லை என்றதும் சிலர் கழன்றுகொண்டார்கள், அதில் ஆச்சரியமில்லை. அவர்கள் இடத்துக்குக் காலனிப் பிள்ளைகளே வந்துவிட்டார்கள். போன வருஷம் முழு வேலையையும் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற இரண்டு பெண்கள்தான் நடத்தினார்கள். ஸ்காலர்ஷிப் விஷயத்தில் எங்களைவிட அவர்களுக்கு விவரம் அதிகம். எங்கள் வேலை ஏ4 தாள் வாங்குவதும் டீ வாங்குவதும்.

டீயைப் பற்றி ஒன்று. முதல் இரண்டு வருஷமும் அந்த அப்பத்தா எங்களுக்குக் கடையிலிருந்து பேப்பர் கப்பில்தான் டீ வரவழைக்கும். உபசாரம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது வருஷம் ஒரு நாள் நானே, "ஏன் அப்பத்தா காசைக் கரியாக்குற, வீட்டுல போடேன்" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தது. பிறகு உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தது. அத்தனை நாளும் நாங்கள் குடிப்போமோ மாட்டோமோ என்று தெரியாமல்தான் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. எனக்கு அது உறைக்க இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: முடியும், ஆனால் தேதியைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தேடாதீர்கள். அந்தத் தலைவர் எந்த மக்களுக்காக நின்றாரோ அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். பேனர் காசு மிச்சம்.

அந்தப் பேத்தி இப்போது மதுரையில் நர்சாக இருக்கிறாள். 2017-ல் ஒரு நாள் ஜெராக்ஸ் வாங்கிப் போக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் அம்மா அவளைத் திண்ணையோடு நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டது. நான் அறைக்குள் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு அவள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். அம்மாவுக்கு அப்போது சுகர் கூடிக் காலில் புண். அவள் கீழே உட்கார்ந்து காலை மடியில் தூக்கி வைத்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை. "ஃபேனைப் போடுடா, புள்ளைக்கு வேர்க்குது" என்றது. காபி நான்தான் போட்டேன். அடுப்படிப் பேச்சை அம்மாவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போதைக்கு ஹால் வரை.