பந்தய ரோபோவை வேனில் கொண்டுபோவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாணவர் அணியின் ரோபோ 50 கிலோ எடை, 75 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம். ஏழு இருக்கை வேனில் போகுமா?

பதில்: அகலம் இடிக்காது, உயரம்தான் இடிக்கும். பலரும் வேனின் உட்புறத்தை அளந்துவிட்டு ஏமாறுகிறார்கள். அளக்க வேண்டியது பின்கதவின் திறப்பை. கூரையைவிட அது தாழ்ந்திருக்கும். மேலே போகப் போகக் குறுகும். ரோபோவின் வெளி அளவில் அட்டையில் ஒரு சட்டம் வெட்டி, கிளம்பும் நாளுக்கு முன்பே கதவுக்குள் நுழைத்துப் பாருங்கள். ரோபோவைச் சுற்றியுள்ள மோதல் தடுப்பு பம்பரைக் கழற்றினால் பக்கத்துக்கு 8 செ.மீ. வீதம் 16 செ.மீ. மிச்சம். ரோபோவின் தூக்கும் கையை நான்கைந்து போல்ட்டில் கழற்றும்படி முதலிலேயே வடிவமைத்துவிட்டால் உயரமும் தீர்ந்தது. வேறு வழியின்றிப் படுக்கவைத்தால், எடை முழுவதும் அடிச்சட்டத்தின் மேல் நிற்கட்டும். சென்சார், செயின், ஒயர் எதுவும் தரையில் அழுந்தக்கூடாது.

கேள்வி: நான்கு மாணவர்கள் தூக்கி ஏற்றுகிறோம். சாய்வுப் பலகை அவசியமா?

பதில்: நால்வர் சேர்ந்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை கிலோதான். ஆனால் வேனுக்குள் குனிந்து நுழையும் அந்தக் கடைசி அடியில் முன்னால் இருக்கும் இருவர் மேலேயே பெரும்பாரம் விழும். விரல் நசுங்குவதும் அங்கேதான். ஆகவே பலகை நல்லது. அது நீளமாக இருக்கவேண்டும். தள்ளுவண்டியோடு 70 கிலோ, வேன் தளம் 65 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 மீட்டர் பலகையில் 38 கிலோ விசையோடு தள்ளவேண்டும், 2.4 மீட்டரில் அது 19 கிலோ. பலகையின் மேல்முனையை வேனோடு கட்டாமல் ஏற்றாதீர்கள், பாதியில் பின்னுக்கு நழுவும்.

கேள்வி: ராட்செட் பெல்ட் (பல்சக்கரத்தால் இறுக்கும் பட்டை) போட்டு இறுக்கியும் போய்ச் சேர்ந்தபோது சட்டம் வளைந்திருந்தது. ஏன்?

பதில்: அந்த பெல்ட்டின் கைப்பிடி நெம்புகோல் மாதிரி. ஒரு கையால் அழுத்தினாலே நூற்றுக்கணக்கான கிலோ இழுவிசை வந்துவிடும். மெல்லிய அலுமினியக் குழாய் அதைத் தாங்காது. பல்சக்கரம் இல்லாமல், கையால் இழுத்த அளவுக்கே பிடித்துக்கொள்ளும் பட்டையைப் போடுங்கள். ரப்பர் கயிறு வேண்டாம். அது நீளும், ரோபோ ஆடும்.

எங்கே கட்டுகிறோம் என்பது இன்னும் முக்கியம். ரோபோவின் கை, லிஃப்ட், ரோலர் என அசையும் எதிலும் கட்டக்கூடாது, அடிச்சட்டத்தின் நான்கு மூலைகளில் மட்டுமே. மறுமுனை தளத்திலுள்ள இரும்பு வளையங்களில் மாட்டட்டும். இருக்கையின் பிளாஸ்டிக் மூடியில் அல்ல. திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையின் 80 சதவீத விசையோடு முன்னே பாயும் என்று கணக்கிடுவது வழக்கம். 50 கிலோவுக்கு அது 40 கிலோ. எனவே ரோபோவின் முன்பக்கம் நிமிர்த்திய இருக்கையின் முதுகில் ஒட்டி நிற்கட்டும், பக்கத்தில் யாரும் உட்காரவேண்டாம். சட்டத்தின் கீழே மரக்கட்டை வைத்துச் சக்கரங்களைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சாரம் இல்லாதபோது மோட்டார் பிரேக்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

கேள்வி: பேட்டரியை ரோபோவிலேயே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஏறக்குறைய 6 கிலோ. கழன்றால் அது ஒரு செங்கல். முனைகளில் ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், உலோகம் உருகும். முனைகளுக்கு உறை போட்டு, உயரமான விளிம்புள்ள பெட்டியில் நிமிர்த்தி வைத்து, பெட்டியையும் கட்டுங்கள். வெயிலில் மூடிய வண்டியில் மணிக்கணக்காக விடாதீர்கள்.

காற்றழுத்தத் தொட்டி இருந்தால் வால்வைத் திறந்து, மானி பூஜ்யம் காட்டும்வரை காற்றை வெளியேற்றுங்கள். இழுபட்ட ஸ்பிரிங்கையும் ரப்பரையும் தளர்த்துங்கள். இதை மறந்தால், இறக்கும் மாணவரின் முகத்தில் ரோபோவின் கை வந்து அடிக்கும். இது கண்டிப்பு.

கேள்வி: திறந்த பிக்கப் வண்டியில்?

பதில்: தார்ப்பாய் காற்றில் படபடத்து ஒயரைப் பிய்க்கும், புழுதி பேரிங்குக்குள் போகும். வேன் கிடைத்தால் வேனே.

கேள்வி: இறக்கியதும் என்ன பார்க்கவேண்டும்?

பதில்: அதிர்வில் முதலில் கழல்வது தொடர்புக் கேபிள் இணைப்புகள், பிறகு கியர்பெட்டி போல்ட்டுகள். புறப்படுமுன் ஒவ்வொரு போல்ட் தலைக்கும் சட்டத்துக்கும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் லேசாக இழுத்துப் பாருங்கள். பிறகு மரக்கட்டையின் மேல், சக்கரம் தரை தொடாதபடி வைத்து முதல் முறை இயக்குங்கள்.