வீட்டிலேயே ரைஃபிள் தோட்டாக்களை மறுநிரப்பும்போது உங்களை மிகவும் எரிச்சல்படுத்திய தவறு எது?

எனக்கு 40 தோட்டாக்கள். ஒரே இரவில் செய்து, ஒன்றைக்கூடச் சுட முடியாமல், ஒவ்வொன்றாக நானே உடைத்த 40 தோட்டாக்கள். (மறுநிரப்புவது என்றால், சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது டெக்சாஸில். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசு உரிமம் எதுவும் கேட்பதில்லை. விற்பதற்காகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் படித்துச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்னுடையது .30-30 வின்செஸ்டர் தோட்டா போடும் நெம்புகோல் ரைஃபிள். 1895இல் விற்பனைக்கு வந்த தோட்டா. மான் வேட்டைக்காரர்கள் இன்றும் விடவில்லை. இந்த வகை ரைஃபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் முதுகில் ஒன்று முட்டியபடி நிற்கும். அந்த அழுத்தத்தில் குண்டு உள்ளே போய்விடாமலிருக்க, பித்தளைக் கூட்டின் வாயைக் குண்டின் மீது லேசாக மடித்து இறுக்குவார்கள். கிரிம்ப் என்று பெயர்.

வேட்டைக்காலம் நெருங்கிவிட்ட அவசரம். கூடுகளை அளந்து, நீண்டவற்றை வெட்டிச் சமப்படுத்தாமல் நேரே வேலையில் இறங்கினேன். சுட்டுச் சுட்டு, மறுபடி டை என்ற அச்சுக்குள் அழுத்தி அழுத்திப் பித்தளை நீளும் என்பது தெரியும். தெரிந்தே விட்டேன். சனிக்கிழமை சுடுதளத்தில் முதல் தோட்டாவைப் போட்டு நெம்புகோலை இழுத்தால், பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பக்கத்து மேசைப் பெரியவர் ஒரு தோட்டாவை வாங்கி, கூட்டின் தோள்பட்டையில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். நானும் ஓட்டிப் பார்த்தேன். கழுத்து முடிந்து உடல் தொடங்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு புடைப்பு நகத்துக்குத் தட்டுப்பட்டது.

நடந்தது இதுதான். .30-30 கூட்டின் உச்ச நீளம் 2.039 அங்குலம். என்னுடையவற்றில் பல அதைத் தாண்டியிருந்தன. குண்டைப் பதிப்பதையும் வாயை மடிப்பதையும் என் டை ஒரே இழுப்பில் செய்யும். கூடு நீளமாக இருந்ததால், குண்டு இறங்கி முடிவதற்குள் மடிப்பு அதைக் கவ்விக்கொண்டது. பிறகு குண்டோடு சேர்ந்து கழுத்தும் கீழே இறங்கி, மெல்லிய தோள்பட்டை பிதுங்கிவிட்டது.

குண்டைப் பிடுங்க ஒரு பிளாஸ்டிக் சுத்தி உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டித் தரையில் அடித்தால், அதிர்ச்சியில் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். ஒன்றுக்கு நான்கைந்து அடி. கிரிம்ப் இறுக்கமாக இருந்தால் பத்துகூட. நாற்பதையும் பெருக்கிப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மனைவி கராஜுக்கு வந்து, "தேங்காய் உடைக்கிறீர்களா?" என்றாள். பிடுங்கிய மருந்தை மறுபடி டப்பாவில் கொட்டவில்லை, புல்தரையில் தூவிவிட்டேன். மருந்தில் மிச்சம்பிடிப்பதுபோல் முட்டாள்தனம் வேறில்லை.

மற்றவை சில்லறை. ஒருமுறை எண்ணெய் தடவாத கூடு டைக்குள் சிக்கிக்கொண்டது; கைப்பிடியைப் பலமாக இழுத்ததில் கூட்டின் விளிம்பு பிய்ந்து, கூடு உள்ளேயே தங்கிவிட்டது. அடியில் துளைபோட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுத்த பிறகுதான் வந்தது. அதற்குப் பயந்து எண்ணெயை அள்ளி அப்பினால், போக வழியில்லாத எண்ணெய் தோள்பட்டையில் பள்ளம் போட்டுவிடுகிறது.

அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை வைக்க மறந்த கூட்டில் மருந்து ஊற்றியதும் உண்டு. சன்னமான குருணை மருந்து அடித்துளை வழியாக உப்புபோல் ஒழுகி மேசையெங்கும் பரவியது. மருந்து நிறுக்கும் தராசின் எண் தானாக ஏறி இறங்கியதற்கு ஒரு வாரம் தராசையே திட்டினேன்; தலைக்கு மேலிருந்த ஏசி காற்று என்று பிறகுதான் தெரிந்தது. மருந்தை அளக்கும் எடை அலகான ஒரு கிரெயின் என்பது வெறும் 64.8 மில்லிகிராம், காற்றுக்கு அது போதும்.

இவையெல்லாம் நேரத்தைத்தான் தின்றன. ஒரே கூட்டில் இருமுறை மருந்து ஊற்றுவதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது எரிச்சல் அல்ல. கையும் கண்ணும் போகிற சமாசாரம். அதனால் குண்டு வைப்பதற்கு முன்பு எல்லாக் கூடுகளையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கிறேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் திரும்பவும் முதல் வரிசையிலிருந்து தொடங்குவேன். மனைவிக்கு இது தெரியும். கராஜ் கதவில் இரண்டு முறை தட்டிவிட்டு, பதில் வரும்வரை வெளியிலேயே நிற்பாள்.