கால் நீட்டக் கூடுதல் கட்டணம்: எப்போது கொடுக்கலாம்?

கேள்வி: என் உயரம் 183 செ.மீ. அடுத்த மாதம் முதலில் இரண்டு மணி நேரமும், அதைத் தொடர்ந்து இரவில் பத்து மணி நேரமும் விமானத்தில் செல்ல வேண்டும். ‘எக்ஸ்ட்ரா லெக்ரூம்’ இருக்கைக்கு இரண்டு விமானங்களிலும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: பத்து மணி நேரப் பயணத்துக்குக் கொடுங்கள், இரண்டு மணி நேரப் பயணத்துக்கு வேண்டாம். ஆனால், கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தக் கட்டணம் பெரும்பாலும் நீளத்துக்கு மட்டுமே. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரத்தை ‘சீட் பிட்ச்’ என்பார்கள். சாதாரண எக்கானமி வகுப்பில் இது பொதுவாக 28 முதல் 32 அங்குலம் வரை இருக்கும். கூடுதல் கட்டண இருக்கைகளில் பெரும்பாலும் 34 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். அகலம் இரண்டிலும் ஒன்றுதான், ஏறக்குறைய 17 அல்லது 18 அங்குலம். எனவே முழங்கால் முட்டுகிறவருக்கு இந்தச் செலவு பலன் தரும்; தோள் இடிக்கிறவருக்குத் தராது. அவர் பார்க்க வேண்டியது எக்கானமிக்கு அடுத்த மேல் வகுப்பான பிரீமியம் எக்கானமியை, அல்லது விமானத்தின் வகையை. ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இருக்கை வழக்கமாக 18 அங்குலத்தை ஒட்டியும், போயிங் 737 விமானத்தில் 17 அங்குலத்தை ஒட்டியும் இருக்கும்.

உங்கள் தேவையை வீட்டிலேயே அளந்துவிடலாம். சுவரில் முதுகும் இடுப்பும் படியும்படி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்காலின் முனை வரை நாடாவால் அளந்து பாருங்கள். அது 25 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பிட்ச் 29 அங்குலமாக இருந்தால், அதில் இருக்கை முதுகின் தடிமனும் அடங்கிவிடுவதால், உங்கள் முழங்காலுக்கு முன்னால் ஓரிரு விரற்கடை இடம்கூட மிஞ்சுவது அரிது. முன்னால் இருப்பவர் சாய்ந்தால் அதுவும் போய்விடும்.

அவசர வழி வரிசையைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அங்கே கால் நீட்ட நிறைய இடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பல விமானங்களில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது, உட்காரும் இடமும் சற்றுக் குறுகிவிடும். இறக்கைக்கு மேலே அடுத்தடுத்து இரண்டு அவசர வழி வரிசைகள் இருந்தால், முன்வரிசை பெரும்பாலும் பின்னால் சாயாது. இரவில் தூங்க நினைக்கும் நீங்கள் இரண்டாவது வரிசையையே கேளுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்க அனுமதியில்லை. ஒருமுறை நான் மாத்திரையும் கண்ணாடியும் இருந்த பையை மேலே வைத்துவிட்டு, இருக்கைப் பட்டி விளக்கு அணையும்வரை அதை எடுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அவை சட்டைப் பையில்தான் இருக்கின்றன.

இருக்கை விசாலமாக இருந்தாலே கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையாது என்று பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்யும்போது இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே இருக்கிறது. இங்கே முக்கியக் காரணம் அசையாமல் இருப்பதுதான். எனவே அடிக்கடி எழுந்து நடக்க வசதியான நடைபாதை ஓர இருக்கையையே நான் பரிந்துரைப்பேன். முன்பே ரத்த உறைவு ஏற்பட்டவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன், விமான வகை மாறி அந்த இருக்கை கிடைக்காமல் போனால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று விதிமுறைகளில் பார்த்துவிடுங்கள். ரசீதைத் தனியாகச் சேமித்து, வெப் செக்-இன் செய்யும்போது இருக்கை எண் மாறாமல் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.